மோன்மார்த்தர் கன்னியர் மடமும் சாக்ரே-கேர் பேராலயமும் ஒன்றல்ல

பாரிஸின் சாக்ரே-கேர் பேராலயமே 12ஆம் நூற்றாண்டின் பெனடிக்டின் (புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும்) கன்னியர் மடம் என்றும், அங்கே துறவியர் வாழ்வு இன்றுவரை இடையறாது தொடர்கிறது என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை.

1133-34இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயியும் அரசி அடெலெய்டும் பாரிஸின் மோன்மார்த்தர் குன்றில் நிறுவிய அந்த மடத்திலிருந்து குன்றின் உச்சியில் எஞ்சி நிற்பது, பேராலயத்துக்கு மேற்கே, சுற்றுலாக் கூட்டத்தின் கண்ணில் அதிகம் படாமல் இருக்கும் புனித பேதுரு தேவாலயமே ஆகும். 1147இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் அதனை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தினார். அரசி அடெலெய்டும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். வெண்ணிறப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 1875இல்தான். அது அர்ச்சிக்கப்பட்ட ஆண்டு 1919.

தொடர்ச்சி என்பதும் பொருந்தாது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மரீ தெ போவில்லியே என்ற மடத்தலைவி, சீர்குலைந்து கிடந்த மடத்தின் ஒழுங்கை மீட்டெடுத்தார். அந்நூற்றாண்டிலேயே கன்னியர் குன்றின் சரிவில் எழுந்த புதிய கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்தனர். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்டது. பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த முதியவரான கடைசி மடத்தலைவி மரீ-லூயீஸ் தெ மோன்மொரான்சி-லாவால், 1794 ஜூலை 24 அன்று கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் கொல்லப்பட்டார். புரட்சிக் காலப் பயங்கர ஆட்சியின் தலைவரான ரோபெஸ்பியரின் வீழ்ச்சிக்கு அப்போது மூன்று நாள்களே இருந்தன என்பது இவ்வரலாற்றின் கொடுமையான பகுதி. பேராலயத்தில் இப்போது வழிபாட்டை நடத்தும் பெனடிக்டின் கன்னியர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வேறொரு சபையைச் சேர்ந்தவர்கள்.