திட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் "எங்களுக்கு ஒண்ணும் வரல" என்று சொல்லும் வீடுகளில், அரசுத் திட்டமே தெரியாதவர்கள் குறைவு. கேள்விப்பட்டிருப்பார்கள், மனுவும் போட்டிருப்பார்கள். அது ஏதோ ஒரு காகிதத்தில் இடித்து நின்றிருக்கும். எந்தக் காகிதம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில்தான் புரோக்கர் வந்து உட்காருகிறார். இதைத் தெளிவாகச் சொல்லாமல் திட்டப் பட்டியலை மட்டும் ஃபார்வர்டு செய்து பயனில்லை.

முதலில் ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கையில் எடுங்கள். அதில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பம், மாதம் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம், அதற்கும் நம் மாநிலத்தில் அரிசி உண்டு. கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை கார்டு. என்சி இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது, முகவரிக்கு மட்டும்தான். நிஜமாகவே கஷ்டத்தில் இருக்கும் வீட்டில் சர்க்கரை கார்டு இருந்தால், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றக் கேளுங்கள்.

அடுத்து, கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது? இறந்துபோன மாமனார் பெயர் இன்னும் இருக்கும், மருமகள் பெயர் அவள் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். அங்கே நீக்காமல் இங்கே சேர்க்க முடியாது, அவள் ஆதார் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் தள்ளிவிடும். இதைவிட அதிகம் நடப்பது போன் நம்பர் சிக்கல். கார்டில் பதிந்த சிம் எப்போதோ தொலைந்திருக்கும், ஓடிபி அதற்கே போய்க்கொண்டிருக்கும். பெயர் சேர்ப்பு, நீக்கம், போன் நம்பர் மாற்றம் எல்லாவற்றுக்கும் உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகம் போங்கள். பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அங்கே குறைதீர் முகாம் நடக்கும். போன் செய்து கேட்க 1967.

எந்த அலுவலகம் என்பதிலும் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். மாநகராட்சி மண்டலம் வேறு, தாசில்தாரின் வட்டம் வேறு, ரேஷன் மண்டலம் வேறு. திருவொற்றியூர், மாதவரம் பக்கத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. 2018-ல்தான் அந்த வட்டங்கள் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. பழைய சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம் என்றுதான் இருக்கும். அது தப்பு இல்லை, ஆனால் மனுவில் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள்.

இப்போது எல்லாக் காகிதத்தையும் பாயில் வரிசையாகப் பரப்புங்கள். ஆதாரில் செல்வி, பாஸ்புக்கில் எம். செல்வி, கணவரின் இறப்புச் சான்றிதழில் மனைவி பெயர் தமிழ்ச்செல்வி. மூன்றும் ஒரே அம்மாதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். விதவை உதவித்தொகை இங்கேதான் சிக்குகிறது. அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்து, சுலபமாக மாறக்கூடிய பேங்க் பாஸ்புக்கில் தொடங்குங்கள்.

பேங்க் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்று கிளையில் சொல்வது போதாது. அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து வருகிறது, கடைசியாக எந்தக் கணக்கு அந்த எண்ணோடு இணைந்ததோ அதில்தான் போய் விழும். தெருமுனையில் குடை போட்டு, கைரேகை வாங்கி, ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து தந்தார்களே, நினைவிருக்கிறதா? பணம் வரவில்லை என்று அழும் பலருக்கு அது அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். மை ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள், எந்த வங்கி என்று காட்டும். வேண்டிய வங்கியில் டிபிடி-க்காக, அதாவது அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் விழுவதற்காக, ஆதார் இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் மாறிவிடும். இரண்டு வருடம் தொடாத கணக்கு முடங்கிப் போயிருக்கும், அதையும் உயிர்ப்பிக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் கூட்டம் தாங்காது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாத வருமானத்தையும் ஆண்டு வருமானத்தையும் குழப்பி எழுதித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், கிடைக்கும் பாதுகாப்பு ஆண்டுக்கு 5 லட்சம். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் இதற்குத் தனி மையம் உண்டு. ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் எடுத்துப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுச் சான்றிதழுக்கு ஓடுவது கொடுமை.

முதியோர், விதவை உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. மனு போட்ட பிறகு வருவாய்த்துறை ஆள் விசாரணைக்கு வருவார். அந்த நேரத்தில் பாட்டி பேரன் வீட்டுக்குப் போயிருந்தால், கதவு பூட்டியிருந்தால், மனு அங்கேயே படுத்துவிடும். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், வாசலில் போன் நம்பர் எழுதி ஒட்டுங்கள்.

சம்பாதித்துப் போட்டவர் 18-லிருந்து 59 வயதுக்குள் இறந்துபோனால், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மத்திய அரசின் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. இதைக் கேட்பவர்களே இல்லை, அதுதான் வேதனை. சாவு வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம்.

புதுமைப் பெண் திட்டத்துக்கு இ-சேவைக்கு அலைய வேண்டாம். 2022-ல் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் அது தொடங்கியது. 6-லிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

நம் கோபம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது. ஆன்லைனில் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு சொல் வருகிறது, காரணம் வருவதில்லை. எந்தக் காகிதத்தில் என்ன தப்பு என்று தமிழில் ஒரு வரி எழுதினால் பாதிப் பேர் தாங்களே சரி செய்துகொள்வார்கள். அதை எழுத வைக்கும் வரை நாம்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளுக்கு மனுவோடு போங்கள். "என் விண்ணப்பம் எண் இன்னது, நிராகரித்த காரணத்தை எழுத்தில் தரவும்" என்று இரண்டே வரி போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீல், தேதி, மனு எண் மூன்றும் வாங்கின பிறகுதான் கவுன்ட்டரை விட்டு நகருங்கள்.