ஊனம் 30 சதவீதம், இழப்பு எவ்வளவு?

கார் மோதிக் கால் உடைந்தவருக்கு எவ்வளவு இழப்பீடு வரும் என்று பேச்சு வந்தால், எல்லாரும் எக்ஸ்ரேவைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை எலும்பு உடைந்தது, பிளேட் வைத்தார்களா, டாக்டர் எத்தனை சதவீதம் போட்டார். அந்த ஆள் என்ன வேலை செய்து பிழைத்தார் என்ற கேள்வி கடைசியில் வருகிறது, பல வழக்குகளில் வருவதே இல்லை. விபத்து வழக்குகளில் உழைக்கிற மக்கள் பணத்தை இழக்கும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் இதில் குழப்பம் எதுவும் வைக்கவில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறது. இடது கை துண்டிக்கப்பட்டவருக்கு ஊனம் சுமார் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். அதனால் டாக்டர் எழுதும் சதவீதம் வேறு, வருமான இழப்பின் சதவீதம் வேறு. டாக்டரின் சான்றிதழில் இருப்பது அடிபட்ட உறுப்புக்கான ஊனமா, முழு உடம்புக்கான ஊனமா என்பதையும் விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு வழிகளில் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று, ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3,000, 5,000 என்று ஒரு தொகையை வைத்துப் பெருக்குவது. 30 சதவீதம் என்றால் 5,000 வீதம் 1,50,000 ரூபாய். வலி வேதனை, மருத்துவச் செலவு, ஊட்டச்சத்து, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் தனித்தனித் தலைப்பில் இதோடு சேரும்.

இன்னொன்று மல்டிப்ளையர் முறை, அதாவது வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கி, அதில் இழப்பின் சதவீதத்தை எடுப்பது. 34 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. அது உயிரிழப்பு வழக்கு. காயமடைந்து நிரந்தர ஊனமானவர்களுக்கும் எதிர்கால உயர்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்கு மல்டிப்ளையர் 16. பெருக்கினால் 40,32,000. அதில் 30 சதவீதம் 12,09,600 ரூபாய். அவரால் இனி கொத்தனார் வேலையே பார்க்க முடியாது, இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 24,19,200.

அதே கால், அதே சான்றிதழ். ஒரு பக்கம் ஒன்றரை லட்சம், இன்னொரு பக்கம் இருபத்து நான்கு லட்சம். எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நம் தரப்பு கொண்டுபோகும் சாட்சியம்தான்.

என் அத்தை மகன் கொத்தனார். பைக்கில் போனபோது கார் மோதி வலது முட்டி போனது. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், "நடந்துதானே கோர்ட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். "நடக்கிறேன் சார், சாரம் ஏற முடியாது" என்றார் மச்சான். அதற்குப் பிறகு அவருடைய மேஸ்திரி கூண்டேறி, இவரால் குந்த முடியாது, தரை போட முடியாது, மேலே ஏற முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் போட்ட சதவீதத்தைவிடக் கூடுதலாகத் தீர்ப்பாயம் வருமான இழப்பைக் கணக்கிட்டதற்கு அந்தச் சாட்சியம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். எத்தனை வழக்குகளில் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள்?

வருமானத்துக்குச் சான்று இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். சம்பளச் சீட்டு வைத்திருப்பவருக்கு உள்ள வருமானம் அப்படியே கணக்கில் வரும். பூ விற்கிற அம்மாவுக்கும் சித்தாளுக்கும் தீர்ப்பாயமே உத்தேசமாக ஒரு தொகையை வைக்கும். மேலே சொன்ன 30 சதவீதக் கணக்கில் 15,000-க்குப் பதில் 12,000 என்று வைத்தாலே இழப்பீட்டில் 2,41,920 ரூபாய் குறைகிறது. நல வாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், ஜிபேயில் கூலி வந்த பதிவு, சீட்டுக் கட்டிய நோட்டு என்று கையில் இருப்பதையெல்லாம் வக்கீலிடம் கொடுங்கள். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கு வருமானம் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடும்பத் தலைவியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதும் ஏஆர் காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதற்றத்தில் "தானாக விழுந்தார்" என்று பதிவாகிவிட்டால், பின்னால் எஃப்ஐஆரில் கார் எண் இருந்தாலும் அதை வைத்தே வழக்கை உடைக்கப் பார்ப்பார்கள்.

இப்போது சமரசம். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு நான் எதிரி இல்லை. பணம் சீக்கிரம் கைக்கு வருகிறது, மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. ஆனால் மேல்முறையீடு இல்லை என்பது நமக்கும் சேர்த்துத்தான். பிளேட் எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது, ஊனம் எவ்வளவு என்றே தெரியாதபோது, கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காகக் கையெழுத்துப் போட வைப்பது அநியாயம். 'இதுக்கு மேல கிடைக்காது, ராசியா போயிடுங்க' என்று நம் பக்கத்து ஆட்களே சொல்வார்கள். எந்த வருமானம், எந்த மல்டிப்ளையர், எத்தனை சதவீதம் வைத்து இந்தத் தொகை வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத தொகையை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அதற்காக மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்; அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும் மனு போடலாம், மீதி ரசீதுகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.