கல்வாழைக்கு ஈரம் ஆகாதா?

ஈர மண்ணில் வைத்தால் கல்வாழை, அதாவது கேனா பூச்செடியின் கிழங்கு அழுகிவிடும், காய்ந்த மேட்டில்தான் நட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது பொருந்தாதுங்க. வளரும் பருவத்தில் கல்வாழை ஈரத்தை விரும்பும் செடி. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்புப் படுகைகளிலேயே அதை நடுகிறார்கள். கடுங்குளிர் நாடுகளில், இலை பட்டுப்போய் உறங்கும் கிழங்கு குளிர்ந்த ஈரத்தில் அழுகுவது உண்டு. அந்த எச்சரிக்கைதான் இங்கே பொதுவிதியாகிவிட்டது என நினைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால், கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் தழைத்து நிற்கும் கல்வாழையைப் பாருங்கள். ஓரமாகத் தோண்டி, கிழங்கை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்கும். அப்புறம் முளையுள்ள இரண்டு கிழங்குகளை ஈரத்தில் ஒன்று, காய்ந்த மண்ணில் ஒன்று என நட்டு, எதில் இலை அகலமாக வருகிறது என்று ஒப்பிடலாம்.