கஷ்டமாக இருந்தால் அது நிஜம் என்று அர்த்தமில்லை

மதுரைப் பக்கம் ஃப்ளைட் சிம் (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு) ஆடுகிறவர்களிடம் பேச்சு இரண்டாம் உலகப்போர் விமானங்கள் பக்கம் திரும்பினால் உடனே இரண்டு கட்சி. "ஸ்பிட்ஃபயர் இப்படியா துள்ளும், எல்லாம் பொய்" என்பது ஒன்று. "கஷ்டமா இருக்கா? அப்ப அதுதான் நிஜம்" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு என்பது என் கருத்து. பாதிப் பிரச்சினை விமானத்தில் இல்லை, மேஜை மேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது.

நாசாவுக்கு முன்னோடியான நாக்கா, போர்க் காலத்திலேயே பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைப் பறக்கவிட்டு அளந்தது. சாதாரணப் பறத்தலிலிருந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) வரை போக, ஸ்டிக்கின் தலை முக்கால் அங்குலம் பின்னால் வந்தால் போதும். அதாவது 19 மில்லிமீட்டர். கால் பங்கு நீளமுள்ள மேஜை ஜாய்ஸ்டிக்கில் அதே கோணம் 5 மில்லிமீட்டர்கூட வராது. துள்ளாமல் என்ன செய்யும்?

எல்லோரும் சொல்லும் வைத்தியம் கர்வ், அதாவது நடுவில் ஸ்டிக்கின் அசைவைக் குறைத்துக் காட்டும் சிம் அமைப்பு. பிட்ச் ஆக்ஸிஸுக்கு (மூக்கு மேலும் கீழும் போகும் அசைவு) 15 வரை வைக்கலாம். 25, 30 என்று ஏற்றினால் நடுவில் மந்தமாகி, கடைசிப் பகுதியில் செங்குத்தாகும். சண்டையில் இழுத்துத் திரும்பும்போது முன்னறிவிப்பே இல்லாமல் ஸ்டால் அடிக்கும். உருப்படியான வழி ஸ்டிக்கை நீட்டுவதுதான். கழற்றி மாட்டும் பிடியுள்ள ஸ்டிக் என்றால் 15, 20 சென்டிமீட்டர் அலுமினியக் குழாயில் மரை போட்டுத் தர மதுரையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடிப்பாகத்தை நாற்காலியோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், ஸ்பிரிங்கும் கனமாக வேண்டும். விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கில் இதைச் செய்யாதீர்கள், கிம்பல் (ஸ்டிக் சாயும் மூட்டு) உடையும்.

அடுத்தது கைக்குத் தெரியாத பலம். பிடிபட்ட ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109இ விமானத்தைப் பிரிட்டிஷார் சோதித்தபோது, மணிக்கு 400 மைலில் விமானி முழுப் பலத்தையும் போட்டாலும் விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கைப் பலகையான அய்லரான் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்ந்தது. நம் ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது. ஆகவே கையில் ஸ்டிக் ஓரம் வரை போயிருக்கும், காக்பிட்டில் பாதிகூட நகராது. அது பக் அல்ல. டிசிஎஸ் என்ற சிம்மில் வலது கன்ட்ரோல், என்டர் அழுத்தி ஸ்டிக் நிலையைக் காட்டும் இண்டிகேட்டரைப் போட்டுவைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். மோட்டாரால் கைக்குப் பலத்தைக் காட்டும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் இருந்தால், ட்ரிம் (கை பிடிக்காமலே விமானம் நேராகப் போகச் சரிசெய்வது) செய்யும்போது நடுப்புள்ளியே இடம் மாறும். ஸ்பிரிங் ஸ்டிக்கில் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே கையைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பழகாதவர்களுக்குத்தான் குறி பார்க்கும்போது மூக்கு ஆடுகிறது.

அமெரிக்க விமானமான மஸ்டாங் (பி-51) 'சுழன்று விழுகிறது' என்று திட்டுகிறவர்கள் முதலில் எரிபொருளைப் பாருங்கள். பி-51டியில் இறக்கைகளில் 184 காலன், விமானிக்குப் பின்னால் 85 காலன். பின் டேங்க் நிறைந்திருந்தால் எடை மையம் பின்னால் போய், இறுகத் திரும்பும்போது ஸ்டிக் தானே பின்னால் வரப் பார்க்கும். அன்றைய விமானிகளே சண்டைக்கு முன் அதைத்தான் முதலில் எரித்தார்கள். சிம்மில் 68 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், மொத்தத்தில் இறக்கை டேங்குகளின் பங்கு அவ்வளவுதான். பின் டேங்க் கேஜ் இடது தோளுக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மஸ்டாங்கின் டேக்-ஆஃபிலும் இதே கதை. ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை) ட்ரிம் வலப்பக்கம் 6 டிகிரி. ஸ்டிக்கைப் பின்னால் பிடித்திருக்கும் வரைதான் வால் சக்கரம் லாக்கில் இருக்கும். வேகம் வருமுன் முன்னால் தள்ளினால் லாக் விட்டு, மூக்கு இடப்பக்கம் இழுக்கும். த்ராட்டிலை ஒரே மூச்சில் தள்ளியிருந்தால் தரையிலேயே கட்டுப்பாடின்றிச் சுழலும் கிரவுண்ட் லூப்தான். ஆப்ஷன்ஸில் ஆட்டோ ரட்டரும் டேக்-ஆஃப் உதவியும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றோடு பறந்துவிட்டு 'நிஜம்' பற்றித் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

சிம் சரியா என்று தெரிய அளந்து பாருங்கள். நாக்காவின் 868ஆம் அறிக்கையில் ஜெர்மன் விமானமான ஃபோக்கவுல்ஃப் 190, 10,000 அடியில், மணிக்கு 255 மைலில், 50 பவுண்டு பலத்துக்கு நொடிக்கு 160 டிகிரி அளவுக்கு உருள்கிறது. ரீப்ளேயில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டேகால் நொடி வருகிறதா? உருளத் தொடங்கும் நேரத்தைச் சேர்க்காதீர்கள். ஏறுவேகம் பார்ப்பதானால் மிஷன் வெப்பநிலையை 15 டிகிரியில் வையுங்கள். நம்ம ஊர் மே மாதம் மாதிரி 40 போட்டால் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறையும், புத்தகக் கணக்கு வராது.

ஒன்று மட்டும் கூடுதலாக. பொட்டன்ஷியோமீட்டர் (உரசி அளவைக் காட்டும் சென்சார்) உள்ள ஸ்டிக்கில் நம்மூர்த் தூசி ஏறினால் நடுவில் அளவு குதிக்கும். விண்டோஸ் கேலிபரேஷன் திரையில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி நடுங்கினால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அடுத்து வாங்குவது உரசலின்றிக் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் ஸ்டிக்காக இருக்கட்டும்.