கேள்வி பதில் தாளுக்குப் போட்ட மதிப்பெண்

பால் மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பமான 'மெக்கார்ட்னி'யை முதன்முதலாகக் கேட்டபோது அவர் இருந்த பீட்டில்ஸ் இசைக்குழு எப்படி உடைந்தது என்ற கதை எனக்குத் தெரியாது. அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. 'தி லவ்லி லிண்டா' என்ற முக்கால் நிமிடப் பாட்டில் ஆல்பம் ஆரம்பிக்கிறது. கிடார், புத்தகத்தின் மேல் கையால் தட்டிய தாளம், கடைசியில் அடக்க முடியாமல் வருகிற ஒரு சிரிப்பு. வீட்டுக்குப் புதிதாக வந்த டேப் மெஷினைச் சோதித்துப் பார்க்கப் பாடியது அது. அதையே முதல் பாட்டாக வைத்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மனசு ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் 1970இல் வந்த விமர்சனங்களைப் படித்தேன். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் 'மேபி ஐ'ம் அமேஸ்ட்' பாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வெறும் சாதாரணம் என்று தள்ளினார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு பால் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது இதில் தெரிகிறது என்றும் எழுதினார். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லாங்டன் வின்னருக்குப் பாட்டுகள் பிடித்துத்தான் இருந்தன. ஆனால் ஆல்பத்தோடு வந்த அறிக்கை அவர் வாயைக் கசக்க வைத்துவிட்டது.

அந்த அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். பத்திரிகைகளுக்கு அனுப்பிய பிரதிகளோடு ஒரு கேள்வி பதில் தாளையும் வைத்திருந்தார். மற்ற பீட்டில்ஸ் இல்லாதது குறையாக இருந்ததா? இல்லை. குழுவில் கூடச் சேர்ந்து பாட்டு எழுதிய ஜான் லெனனோடு மறுபடி சேர்ந்து எழுதுவீர்களா? இல்லை. ஏப்ரல் 10ஆம் தேதி 'டெய்லி மிரர்' பால் விலகிவிட்டார் என்று முதல் பக்கத்தில் போட்டது. ஒரு வாரம் கழித்து, 17ஆம் தேதி, ஆல்பம் கடைக்கு வந்தது. அந்த ஒரு வாரத்தில் உலகமே அவர் மேல் கோபமாக இருந்தது. நான் விலகுகிறேன் என்று 1969 செப்டம்பரிலேயே குழுவுக்குள் சொன்னவர் லெனன். வெளியே தெரியாததால் பழி முழுக்க பால் தலையில் விழுந்தது.

பால் நடந்துகொண்ட விதம் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பீட்டில்ஸின் 'லெட் இட் பி' ஆல்பத்துக்காகப் பாலின் ஆல்ப வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொல்லி ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் எழுதிய கடிதத்தை, குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ பால் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். பால் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தி, வெளியே போகச் சொன்னார். பாவம் ரிங்கோ. திரும்பிப் போய், பால் கேட்ட தேதியையே கொடுத்துவிடலாம் என்று மற்றவர்களிடம் பேசியவரும் ரிங்கோதான்.

ஆனால் இதெல்லாம் பாட்டுக்குள் இல்லையே! அங்கே இருப்பவர், 1969 கடைசியில் ஸ்காட்லாந்துப் பண்ணையில் குடியும் சோர்வுமாகப் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்து, மனைவி லிண்டா கைதூக்கிவிட எழுந்து வந்த மனிதர். லண்டன் வீட்டில் ஒலியை நாலு தனித் தடங்களில் பதியும் டேப் மெஷின். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கிடையாது, ஒலி அளவைக் காட்டும் முள்ளும் கிடையாது. மைக்கை மெஷினின் பின்னால் நேரடியாகச் செருகிப் பதிவு செய்தார். எல்லாக் கருவிகளையும் வாசித்தது அவர்தான், குரலுக்குத் துணை லிண்டா. பிற்பாடு சில பாட்டுகளை ஸ்டூடியோவிலும் செய்தார். 'மேபி ஐ'ம் அமேஸ்ட்' அப்படி வந்ததுதான். நீயில்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று பயந்துபோன ஒருவரின் குரல் அதில் கேட்கிறது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 'டெடி பாய்' எனக்கு எப்போதும் இழுவைதான். கடைசியில் வரும் 'க்ரீன்-அக்ரோர்' டிரம்ஸை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். ஆனால் 'ஜங்க்' பாட்டைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே மெட்டு குரல் இல்லாமல் வரும்போது கவனியுங்கள். பாடியவர் எழுந்து போன பிறகும் அறையில் பாட்டு மட்டும் மிச்சம் இருப்பது போல இருக்கும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதே வருஷம் டிசம்பரில் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' வந்தது. அதுவும் பூச்சு இல்லாத, மொட்டையான ஒலிதான். அதை உண்மை, துணிச்சல் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய ஆல்பம்தான், எனக்கும் உயிர். ஆனால் ஒருவர் வலியைக் கத்திப் பாடினால் எளிமை நேர்மையாகிறது, இன்னொருவர் வீட்டையும் மனைவியையும் பாடினால் அதே எளிமை அரைகுறை வேலையாகிறது. இது எந்த ஊர் நியாயம்? நிம்மதியும் பாடுபட்டுக் கிடைத்ததுதானே? லெனனே பாலின் ஆல்பத்தைக் குப்பை என்றார். சண்டையில் இருந்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். விமர்சகர்களுக்கு என்ன வந்தது?

கேட்டவர்கள் வாங்கத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். 'மேபி ஐ'ம் அமேஸ்ட்' மட்டும் அப்போது தனி இசைத்தட்டாக வரவே இல்லை. 1977இல் மேடையில் பாடிய வடிவம் வந்தபோது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது. ஏழு வருஷம். பத்திரிகைகளில் அந்தச் சண்டைச் செய்திகள் பழசாகிப்போயிருந்தன.