துறவிக்கு எதற்கு வைரம்?

கோமதி: என்னங்க, கல்யாண நாளுக்கு ஒரு சாலிட்டேர் வாங்கித் தருகிறீர்களா?

சங்கர்: அதை ஏன் வாங்க வேண்டும்? கம்ப்யூட்டரில் சும்மாவே கிடக்கிறதே. இந்தச் சீட்டாட்டம் முடியட்டும், நீ உட்கார்ந்துகொள்.

கோமதி: நான் கேட்டது ஒற்றைக்கல் வைர மோதிரம்.

சங்கர்: (மவுஸை விட்டுவிட்டு) அடிப்பாவி! அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரியுமா? லத்தீனில் 'சோலஸ்' என்றால் தனி, அது பிரெஞ்சுக்குப் போய் ஊர் உலகமே வேண்டாம் என்று ஒதுங்கிய துறவிக்குப் பெயரானது, 17ஆம் நூற்றாண்டில் பாரிசுக்குப் பக்கத்தில் போர் ருவாயல் மடத்தில் அப்படி ஒதுங்கி வாழ்ந்தவர்களையும் 'சாலிட்டேர்' என்றுதான் சொன்னார்கள். துறவிக்கு எதற்கு வைரம்?

கோமதி: துறவிக்கு எதற்குச் சீட்டுக்கட்டு?

சங்கர்: அது... தனியாக ஆடுவதால் வந்த பெயர். பிரிட்டனில் இதையே 'பேஷன்ஸ்' என்பார்கள். பொறுமை.

கோமதி: பொறுமையா? அது நான் ஆடுகிற ஆட்டம்.

சங்கர்: இதை வெறும் விளையாட்டு என்று நினைக்காதே. 1990இல் விண்டோஸ் 3.0உடன் சேர்ந்து வந்தபோது, ஜனங்களுக்கு மவுஸைப் பிடித்து இழுக்கப் பழக்கியதே இதுதான். இதற்கு நிரல் எழுதிய வெஸ் செர்ரி மைக்ரோசாஃப்டுக்குப் பயிற்சிக்கு வந்த பையன், ராயல்டி கூட வாங்கவில்லை. மேலதிகாரி வந்தால் திரையை எக்செல் மாதிரி மாற்றிக் காட்ட ஒரு விசையும் வைத்திருந்தாராம், கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டது. எவ்வளவு பெரிய இழப்பு!

கோமதி: இத்தனை வருஷமாகியும் நீங்கள் இன்னுமா மவுஸ் பழகுகிறீர்கள்?

சங்கர்: சரி, அதை விடு. இந்தியப் பெருங்கடலில் ரொட்ரிகஸ் தீவில் சாலிட்டேர் என்று ஒரு பறவை இருந்தது. டோடோ பறவைக்குச் சொந்தம், பறக்கத் தெரியாது, கூட்டம் சேராமல் திரிந்ததால் அந்தப் பெயர். 18ஆம் நூற்றாண்டிலேயே பூண்டோடு போய்விட்டது. ராசியில்லாத பெயர், கோமதி.

கோமதி: அந்தப் பறவையைப் பற்றிய பக்கத்தைப் பாதியில் விட்டுத் தூங்கியது நீங்கள், மீதியைப் படித்தது நான். 1691இல் அந்தத் தீவுக்குப் போன பிரான்சுவா லெகா எழுதி வைத்திருக்கிறார், முட்டையை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்குமாம். இங்கே ஒருவரை அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்...

சங்கர்: அதற்கும் மோதிரத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோமதி: இருக்கிறதே. ஒவ்வொரு பறவையின் இரைப்பையிலும் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கல் இருந்ததாம். ஒன்றே ஒன்று. பறவைக்கே ஒற்றைக்கல் கிடைத்திருக்கிறது, நான் கேட்பது மிளகு அளவுக்குத்தான்.

சங்கர்: சரி, கிளம்பு. கடையில் மட்டும் அந்தக் கோழிமுட்டைக் கதையை எடுக்காதே.