டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தது தர்மப்பணம் இல்லை

அமெரிக்காவின் மிச்சிகனில் தமிழர்கள் நாலு பேர் கூடி, திவாலான டெட்ராய்ட் நகரத்துக்கு 2014ல் மாநில அரசு கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "ஊதாரித்தனம் பண்ணி அழிஞ்ச ஊருங்க, அதுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?" சொல்பவர்கள் நல்லவர்கள்தான். நோவை, கேன்டன், ட்ராய் என்று புறநகரில் வீடு வாங்கி, கார் கம்பெனி வேலையில் இருந்து, ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆனால் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. ஒவ்வொரு விருந்திலும் இதை அரைகுறையாகச் சொல்லி முடிக்க முடியாமல் போகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் திவால் மனு போட்டது. கடனும், ஓய்வூதியம் மாதிரி கொடுக்கவேண்டிய பொறுப்புகளும் சேர்த்து ஏறக்குறைய 1,800 கோடி டாலர். அமெரிக்காவில் அதுவரை எந்த நகரமும் இவ்வளவு பெரிய தொகையில் திவாலானதில்லை. 1950ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 7 லட்சம் அளவுக்கு வந்திருந்தது. ஆனால் ஊரின் பரப்பு அதேதான். சாலை, தண்ணீர்க் குழாய் எதுவும் ஆளோடு சேர்ந்து குறையாது. தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை.

நகர நிர்வாகம் தப்பே செய்யவில்லையா என்றால், செய்தது. பென்ஷன் நிதியில் விழுந்த ஓட்டையை அடைக்க 2005-06ல் 140 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி, கூடவே வட்டி ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம் என்று வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டு, 2008 பொருளாதார நெருக்கடியில் வட்டி இறங்கியதும் அது தலையில் விழுந்தது. அப்போதைய மேயர் குவாமே கில்பேட்ரிக்குக்குப் பின்னால் ஊழல் வழக்கில் 28 வருட சிறைத் தண்டனை கிடைத்தது. இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை.

மறைந்துபோனது மாநில அரசின் பங்கு. மிச்சிகனில் விற்பனை வரியை வசூலிப்பது மாநிலம். அதில் ஒரு பகுதியை நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும், ரெவென்யூ ஷேரிங் என்று பெயர். 1998ல் மாநிலத்துக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஓர் உடன்பாடு: நகரம் தன் வருமான வரியைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும், பதிலுக்கு மாநிலம் 2007 வரை வருஷத்துக்குச் சுமார் 33 கோடி டாலர் குறையாமல் தரும். நகரம் வரியைக் குறைக்க ஆரம்பித்தது. மாநிலமோ தன் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் பணத்தை வெட்டியது. 2003 முதல் பத்து வருஷத்தில் இப்படி டெட்ராய்ட்டுக்கு வராமல் போன தொகை 73 கோடி டாலருக்கு மேல் என்பது மாநிலத்து நகரங்களின் சங்கமான மிச்சிகன் முனிசிபல் லீக் போட்ட கணக்கு.

சரி, 2014ல் மாநிலம் "காப்பாற்றக்" கொடுத்த பணம் எவ்வளவு? 19.5 கோடி டாலர். அறக்கட்டளைகள் 36.6 கோடி தருவதாக ஒப்புக்கொண்டன, ஊரின் கலை அருங்காட்சியகம் 10 கோடி திரட்டுவதாகச் சொன்னது. பங்காளிக்குச் சேரவேண்டிய நெல்லை வருஷக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு, அவன் பட்டினி கிடக்கும்போது ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தால் நம் ஊரில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அந்த 19.5 கோடியும் சும்மா வரவில்லை. ஓய்வு பெற்றவர்கள் மாநிலத்தின் மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் பணம். பென்ஷனைக் குறைக்கக்கூடாது என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது, ஆனால் திவால் வழக்கில் அது செல்லாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். முதலில் வந்த திட்டத்தில் 34 சதவீதம் வரை வெட்டு இருந்தது. அதோடு பார்த்தால் கடைசியில் வந்த 4.5 சதவீதம் தேவலை என்று பெரும்பாலானவர்கள் ஓட்டுப் போட்டார்கள். விலைவாசிக்கு ஏற்ற வருடாந்திர உயர்வும் போயிற்று, மருத்துவச் சலுகையில் பெரும்பகுதியும் போயிற்று. குப்பை அள்ளியவர்கள், பஸ் ஓட்டியவர்கள், அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர்கள். வட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இவர்களா?

எனக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் ஓட்டுரிமை. கஷ்டத்தில் இருக்கும் நகரத்துக்கு ஆளுநர் ஒரு அவசரகால மேலாளரை நியமிக்கலாம். மேயர், கவுன்சில் அதிகாரமெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். 2011ல் வலுப்படுத்திய இந்தச் சட்டத்தை 2012 நவம்பரில் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதையே திரும்ப நிறைவேற்றியது. இந்தத் தடவை ஒரு நிதி ஒதுக்கீட்டையும் உள்ளே சேர்த்தார்கள், ஏனென்றால் அப்படிச் சேர்த்தால் அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. 2013ல் டெட்ராய்ட்டும் அப்படி ஒரு மேலாளர் கைக்குப் போனபோது, மாநிலத்தின் கறுப்பின மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஆளும் ஊரில் இருந்தார்கள்.

இதன் விளைவை, இப்படி மேலாளர் ஆண்ட இன்னொரு மிச்சிகன் நகரமான ஃப்ளின்ட்டில் பார்த்தோம். செலவை மிச்சம் பிடிக்க 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கவேண்டியதைச் சேர்க்கவில்லை, குழந்தைகள் குடித்த தண்ணீரில் ஈயம் கலந்தது. பழைய தண்ணீருக்கே போகலாம் என்று 2015 மார்ச்சில் கவுன்சில் தீர்மானம் போட்டது. அவசரகால மேலாளர் செலவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். அப்புறம் மாநிலம் இழப்பீடாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது 60 கோடி டாலர்.

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். திவாலுக்குப் பிறகு டெட்ராய்ட்டில் அப்படித்தான் நடந்தது: மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் கவுன்சிலும் ஊரை நடத்தினார்கள், மாநிலம் அமைத்த நிதிக் குழு பட்ஜெட்டையும் பெரிய ஒப்பந்தங்களையும் சரிபார்த்தது. வரவுக்குள் செலவு செய்து காட்டியதால் 2018ல் அந்த நேரடிக் கண்காணிப்பும் தளர்ந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே.

இன்னொன்று, ரெவென்யூ ஷேரிங் டெட்ராய்ட்டுக்கு மட்டும் வருவதில்லை. நோவைக்கும் கேன்டனுக்கும் அதில் பங்கு உண்டு. ஒவ்வொரு வருஷமும் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் பட்ஜெட் போடும்போது அந்தத் தொகையில் ஒரு பகுதி முடிவாகிறது. உங்கள் பகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எங்கள் நகரங்களுக்குச் சேரவேண்டியதை முழுசாகக் கொடுங்கள் என்று கேளுங்கள்.